கேத்தே கோல்விட்ஸ் பற்றி எங்கள் ஊரில் ஒரு பேச்சு வைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

அச்சுப் படங்கள் செய்த ஜேர்மன் ஓவியர் கேத்தே கோல்விட்ஸைப் பற்றி யாழ்ப்பாணத்தில் இரண்டு தடவை பேசியிருக்கிறேன். முதல் தடவை 64 ஸ்லைடோடு போனேன். பிறப்பு, படிப்பு, கலியாணம், பதவி, இறப்பு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போக, பாதியில் கரண்ட் போய்விட்டது. கரண்ட் போனது பெரிய விஷயமில்லை, அதற்காக மண்டபத்தில் ஒருவர்கூடக் கவலைப்படவில்லை என்பதுதான் உறைத்தது. முன்வரிசையில் இருந்த ஐயா ஒருவர், "சரி பிள்ளை, மிச்சத்தை இன்னொரு நாளைக்குப் பார்ப்பம்" என்று எழும்பியே விட்டார்.

இரண்டாம் தடவை புரொஜெக்டரே இல்லை. கயிற்றில் தொங்கவிட்ட ஐந்து படங்கள், ஒரு சின்ன டின் அச்சு மை, நாலைந்து அகப்பை. நாலு மணிக்குத் தொடங்கியது, ஏழு மணிக்கும் சனம் போகவில்லை. இந்த இரண்டு பின்னேரங்களுக்கும் இடையில் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். சித்திரம் படிப்பிக்கிற ரீச்சர், வாசிகசாலைச் செயலாளர், கண்காட்சியில் "ஏதாவது பேசுங்கோ" என்று மாட்டுப்பட்ட பல்கலைக்கழக மாணவர், யாராக இருந்தாலும் உதவும். வேறொரு பெண் அச்சுக்கலைஞரைப் பற்றிப் பேசுவதென்றாலும் முறை இதுதான், உள்ளே இருக்கும் சரக்கை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள்

பேச்சில் சொல்லப்போவதைவிட மூன்று மடங்கு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கோல்விட்ஸ் 1867இல் கோனிக்ஸ்பேர்க் என்ற ஊரில் பிறந்தவர். அப்போது அது பிரஷ்யா, இன்றைக்கு ரஷ்யாவின் கலினின்கிராட். அந்தக் காலத்தில் அரச கலை அக்கடமிகள் பெண்பிள்ளைகளைச் சேர்க்கவில்லை. பேர்லினிலும் மியூனிக்கிலும் பெண்களுக்கென்று தனியாக இருந்த கலைப் பள்ளிகளில்தான் படித்தார். 1891இல் கார்ல் கோல்விட்ஸ் என்ற டொக்டரைக் கட்டிக்கொண்டு பேர்லினின் தொழிலாளர் பகுதியில் குடியேறினார். கணவரிடம் மருந்துக்கு வருகிற ஏழைப் பெண்கள் இவரிடமும் வந்து கதைப்பார்கள். அந்தப் பெண்களின் முகங்களும் கைகளும்தான் பிறகு படங்களில் வருகின்றன. ஐம்பது வருடத்துக்கு மேல் அதே வீட்டில்தான் இருந்தார்.

1893இல் ஹௌப்ட்மான் என்ற ஜேர்மன் நாடகாசிரியரின் 'நெசவாளர்' நாடகத்தைப் பேர்லினில் பார்க்கிறார். 1844இல் பிரஷ்யாவின் சிலேசியாப் பகுதியில் பசியால் கிளர்ந்தெழுந்த நெசவாளர்களைப் பற்றிய நாடகம் அது. கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு அதையே படமாக்கத் தொடங்கினார். ஆறு படம்: மூன்று கல்லச்சு (கல்லில் வரைந்து எடுப்பது), மூன்று பொறிப்பச்சு (செப்புத் தகட்டில் கீறி எடுப்பது). முடிக்க நாலு வருடத்துக்கு மேல் ஆனது. 1898இல் பேர்லின் பெருங்கண்காட்சியில் வைத்தபோது நடுவர் குழு பதக்கம் கொடுக்கச் சொல்லிப் பரிந்துரைத்தது, ஜேர்மன் பேரரசர் கைசர் இரண்டாம் வில்ஹெல்ம் மறுத்துவிட்டார். 1919இல் பிரஷ்யக் கலை அக்கடமி இவரை உறுப்பினராக்கிப் பேராசிரியர் பட்டமும் கொடுத்தது. 1933இல் ஹிட்லருக்கு எதிராக இடதுசாரிக் கட்சிகள் ஒன்றுசேர வேண்டும் என்ற அறிக்கையில் கையெழுத்துப் போட்டதற்காக அதே அக்கடமியிலிருந்து வெளியேற்றப்பட்டார். 1943இல் குண்டு விழுந்து பேர்லின் வீடு அழிந்தது. 1945 ஏப்ரல் 22, போர் முடிய இரண்டு கிழமை இருக்கும்போது, டிரெஸ்டனுக்குப் பக்கத்தில் மொரிட்ஸ்பேர்க்கில் இறந்தார்.

இதெல்லாம் உங்களுக்கு. சனத்துக்கு இதில் கால்வாசி காணும், அதுவும் கடைசியில்.

ஐந்து படத்துக்கு மேல் வேண்டாம்

இவர் செய்த அச்சுப் படங்கள் சுமார் 275. எல்லாம் நல்லதுதான் என்று ஆசைப்பட்டுத்தான் நான் முதல் தடவை கெட்டேன். ஒரு பின்னேரத்தில் ஒரு மனிதரால் ஐந்து படத்தைத்தான் உண்மையாகப் பார்க்க முடியும். அதற்குமேல் போனால் கலண்டர் புரட்டுவதுபோல ஆகிவிடும்.

நான் வைத்தவை இவை. ஒன்று, நெசவாளர் தொடரில் 'ஊர்வலம்': ஆண்கள் கோடரியோடும் அரிவாளோடும் போக, நடுவில் ஒரு பெண் நித்திரையான பிள்ளையை முதுகில் சுமந்துகொண்டு நடக்கிறாள். இரண்டு, 1903இல் செய்த 'இறந்த பிள்ளையோடு பெண்'. மற்ற மூன்றும் 'போர்' என்ற தொடரிலிருந்து: 'தொண்டர்கள்', 'பெற்றோர்', 'தாய்மார்'. இந்தத் தொடரில் மொத்தம் ஏழு மரச்செதுக்குகள் (மரப்பலகையில் செதுக்கி அச்செடுத்த படங்கள்), 1921–22இல் செய்து 1923இல் வெளியிட்டவை.

இந்த ஐந்தையும் ஏன் தெரிவுசெய்தேன் என்றால், இவற்றுக்குள் ஒரு கதை தானாக ஓடுகிறது. 1903இல் அந்த இரண்டாவது படத்தை வரையும்போது, தன் சின்ன மகன் பீட்டரை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்துத் தன்னையே வரைந்தார். பீட்டருக்கு அப்போது ஏழு வயது. ஒரு கையில் பிள்ளையைத் தாங்கி மறுகையால் வரைவது கஷ்டம், அவர் முனகினாராம். "பேசாமல் இருங்கோ அம்மா, இது வடிவாக வரும்" என்கிற மாதிரி அந்தப் பிள்ளை ஆறுதல் சொன்னதாக அவரே எழுதியிருக்கிறார். பதினொரு வருடம் கழித்து, 1914இல், முதலாம் உலகப் போர் தொடங்கியதும் பீட்டர் தொண்டனாகச் சேர்ந்தான். வயது 18, சேர்வதற்குத் தகப்பனின் சம்மதம் வேண்டும். கார்லுக்கு விருப்பமில்லை. மகனுக்காகக் கணவரிடம் கெஞ்சிச் சம்மதம் வாங்கிக் கொடுத்தவர் தாய்தான். ஒக்டோபரில் பெல்ஜியத்தில் பீட்டர் செத்துப்போனான்.

இதைச் சொல்லிவிட்டுத் 'தொண்டர்கள்' படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றால் போதும். சாவு மேளமடித்துக்கொண்டு முன்னால் போக, இளைஞர்கள் பின்னால் போகிறார்கள். சாவுக்குப் பக்கத்திலேயே ஒட்டி நிற்பவன் பீட்டர்.

படங்களை எடுப்பதும் அச்சிடுவதும்

காப்புரிமைச் சோலி இல்லை. இலங்கைச் சட்டப்படி ஆள் இறந்து 70 வருடம் வரைக்கும்தான் காப்புரிமை, இவர் இறந்தது 1945. ஜேர்மனியிலும் அப்படித்தான். பெரிய நூதனசாலைகள் பல, தெளிவான படங்களை இணையத்தில் வைத்திருக்கின்றன. கொலோன் நகரில் இவர் பெயரிலேயே ஒரு நூதனசாலை இருக்கிறது, பேர்லினில் இன்னொன்று. எங்கள் வீடுகளில் பாதிக்கு ஜேர்மனியில் ஒரு மாமாவோ மச்சாளோ இருப்பார்கள்தானே, கொலோனுக்குக் கிட்ட இருந்தால் நூதனசாலைக் கடையில் போஸ்ட்கார்ட் வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். திரையில் பார்க்கும் கறுப்பும் அந்தக் கறுப்பும் ஒன்றில்லை என்பது கையில் வாங்கினால்தான் விளங்கும்.

படத்தை ஃபிளெக்ஸ் பானரில் அடிக்க வேண்டாம், தயவுசெய்து. தேர்தல் போஸ்டர்போலப் பளபளக்கும். பளபளப்பில்லாத தடித்த கடதாசியில், உண்மையான அளவில் அடியுங்கள். 'பெற்றோர்' கிட்டத்தட்ட 35க்கு 42 சென்ரிமீற்றர், 'தாய்மார்' அதைவிடக் கொஞ்சம் சின்னது. ஆகவே ஏ3 காணாது, ஏ2 தாளில் அடித்து ஓரம் விடவேண்டும். கடைத் தம்பி "பெரிசாக்கி அடிச்சால் வடிவா இருக்கும் அக்கா" என்று சொல்லுவார். ஒத்துக்கொள்ளாதீர்கள். உண்மையான அளவில் வைத்தால்தான் ஆட்கள் கிட்டவந்து குனிந்து பார்ப்பார்கள். தூரத்தில் கதிரையில் சாய்ந்திருந்து பார்க்கிற படங்கள் இல்லை இவை.

ஒவ்வொரு படத்துக்கும் கீழே "இது அசலின் நகல்" என்று எழுதி ஒட்டுங்கள். பிறகு இந்தச் சொல்லே ஒரு நல்ல கேள்வியைக் கொண்டுவரும், அதைக் கீழே சொல்கிறேன்.

தலைப்பைத் தமிழில் வைப்பது

இதற்கு இரண்டு நாள் மினக்கெட்டேன், அதில் வருத்தமில்லை. 'போர்' தொடரின் நாலாவது படத்துக்கு ஜேர்மன் தலைப்பு 'விதவை' என்ற அர்த்தம். ஒரு பெண் தன்னைத்தானே அணைத்துக்கொண்டு நிற்கிறாள், கைகள் இரண்டும் உடம்பைவிடப் பெரிதுபோலத் தெரியும். அந்தப் படத்தையும் முதலில் வைக்க நினைத்திருந்தேன். தலைப்பை எழுதிக்கொண்டுபோய் உறவுக்கார அக்கா ஒருவரிடம் காட்டினேன், அவர் கணவரை இழந்தவர். "கூட்டத்தில என்னைப் பார்த்து ஆரும் அந்தச் சொல்லைச் சொல்லமாட்டினம், சுவரில எழுதினால் மட்டும் பரவாயில்லையா?" என்று கேட்டார். கைம்பெண் என்றால் பழைய பாட்டுப்போல இருக்கிறது. "பெண் தலைமைத்துவக் குடும்பம்" என்பது நிறுவனங்களின் படிவத்தில் வருகிற சொல், அதைப் படத்துக்குக் கீழே போட்டால் படம் செத்துவிடும். கடைசியில் அந்தப் படத்தை எடுத்துவிட்டேன். அது சரியான முடிவா என்று இன்னும் தெரியவில்லை. நீங்கள் வைத்தால் தலைப்பில்லாமல் எண் மட்டும் போட்டு வைத்துப் பாருங்கள்.

சில தலைப்புகள் தாங்களாகவே தமிழுக்கு வந்துவிடும். இவருடைய கடைசிக் கல்லச்சு 1941–42இல் செய்தது, ஒரு தாய் தன் கைகளை விரித்துச் சால்வைக்குள் மூன்று பையன்களை அமத்திப் பிடித்திருக்கிறாள். ஜேர்மன் தலைப்பை நேரே சொன்னால், விதைக்கு வைத்த தானியத்தை அரைக்கக் கூடாது. எங்களுக்கு அதற்குச் சொல் தேட வேண்டுமா? விதைநெல்லைக் குத்தித் தின்னக் கூடாது. எவ்வளவு பஞ்சம் வந்தாலும் விதைநெல்லில் கைவைக்காத கமக்காரக் குடும்பத்தில் பிறந்தவருக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. இந்தப் படத்தைச் சுவரில் வைக்காமல், பேச்சின் முடிவில் போஸ்ட்கார்டாகக் கையில் கொடுத்து ஒரு சுற்றுச் சுற்றவிட்டேன். 1942இல் அவருடைய பேரனும் ரஷ்யாவில் போரில் செத்தான், அவனுக்கும் பீட்டர் என்றுதான் பெயர்.

இடமும் நாளும்

நூதனசாலை என்றால் எங்கள் ஊரில் முதலில் ஞாபகம் வருவது நாவலர் வீதியில் உள்ள தொல்பொருள் நூதனசாலை. சின்ன இடம், பழைய சாமான்கள் நிறைந்த இடம். அப்படியான அரச இடங்களில் வைப்பதென்றால் எழுத்தில் அனுமதி கேட்க வேண்டும், பதில் வர நாளெடுக்கும், மையும் எண்ணெயும் உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. நூலக மண்டபம், கலாசார மண்டபம், பள்ளிக்கூடச் சித்திர அறை, ஊர் வாசிகசாலை எல்லாமே நல்லது. எனக்கு வாசிகசாலைதான் பிடிக்கும், ஏனென்றால் பேப்பர் பார்க்க வந்த ஆட்களும் அப்படியே இருந்துவிடுவார்கள்.

நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாளும் மறந்துவிடுங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் கடதாசி நமுத்துப்போகும். உயர்தரப் பரீட்சைக் காலத்தில் பிள்ளைகள் வரமாட்டார்கள், பிள்ளைகள் வராவிட்டால் தாய்மாரும் வரமாட்டார்கள். சனிக்கிழமை பின்னேரம் நாலு மணி, ரியூசன் முடிகிற நேரமாகப் பார்த்து வையுங்கள்.

சுவரில் ரேப் ஒட்டினால் பெயின்ற் கழரும், பிறகு காவலாளி ஐயாவிடம் பேச்சு வாங்க வேண்டும். ஒரு கயிறு கட்டி உடுப்புக் கிளிப்பால் தொங்கவிடுங்கள். காற்றாடி போட்டால் படம் ஆடும் என்பதால் கீழ்ப்பக்கமும் ஒரு கயிறு ஓடட்டும். யன்னல் வெளிச்சம் பார்க்கிறவரின் முதுகுப் பக்கமாக வருவது நல்லது. கதிரைகளை நடுவில் அடுக்காமல் ஓரமாகப் போடுங்கள், நடமாட இடம் வேண்டும்.

மங்கள விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை எல்லாம் வேண்டாம். கேட்டால் "சின்ன நிகழ்ச்சிதானே" என்று சொல்லிச் சமாளியுங்கள். விருந்தினர் என்று ஒருவரை அழைத்தால் அவர் இருபது நிமிஷம் பேசுவார், அதில் கோல்விட்ஸின் பெயர் ஒருதடவையும் வராது. நான் பட்டதைத்தான் சொல்கிறேன்.

எப்படித் தொடங்குவது

பேசாமல் தொடங்குங்கள். வந்தவர்களுக்கு ஒரு தேத்தண்ணீர் கொடுத்து, "பத்து நிமிஷம் படங்களைச் சுற்றிப் பாருங்கோ, உங்களுக்கு ஆகப் பிடிச்ச படத்துக்கு முன்னால நில்லுங்கோ" என்று மட்டும் சொல்லுங்கள். நெசவாளர் படத்துக்கு முன்னால் கொஞ்சப் பேர் நிற்பார்கள். பெருவாரியானோர் 'தாய்மார்' படத்துக்கு முன்னால்தான் கூடுவார்கள். பெண்கள் ஒருவரையொருவர் இறுக்கிப் பிடித்து, ஒரு மலைபோலக் குவிந்து நிற்கிற படம், இடையிடையே பிள்ளைகளின் முகம் எட்டிப் பார்க்கும்.

அப்புறம் ஒரே கேள்வி: "என்ன தெரியுது?" கலையைப் பற்றிக் கேட்காதீர்கள், கண்ணுக்குத் தெரிவதைக் கேளுங்கள். "எத்தனை கை தெரியுது?" என்று கேட்டுப் பாருங்கள். எண்ணத் தொடங்குவார்கள். எண்ணும்போது யாருடைய கை யாருடையது என்று குழப்பம் வரும், வாக்குவாதம் வரும், ஒருவர் கிட்டப் போய் விரலால் காட்டுவார். அந்த இடத்தில் உங்கள் பேச்சு பாதி முடிந்துவிட்டது.

அதன்பிறகு 1903, 1914, 1923 என்று அந்த மூன்று வருடங்களையும் சொல்லுங்கள். இருபது நிமிஷம் போதும். ஒரு விஷயத்தை மட்டும் விடாமல் சொல்லுங்கள்: மகன் செத்தவுடனே இந்தப் படங்கள் வந்துவிடவில்லை. போரைப் பற்றி முதலில் பொறிப்பச்சிலும் கல்லச்சிலும் செய்துபார்த்தார், திருப்தி வரவில்லை. 1920இல் ஏர்ன்ஸ்ட் பார்லாஹ் என்ற ஜேர்மன் கலைஞரின் மரச்செதுக்குகளைப் பார்த்த பிறகுதான், ஐம்பது வயதைத் தாண்டிய நிலையில், தனக்குப் பழக்கமில்லாத மரத்துக்கு மாறினார். 'பெற்றோர்' படத்தையே திரும்பத் திரும்பச் செய்தார். பீட்டரின் நினைவுக்கென்று தொடங்கிய சிலையோ முடிய 1932 ஆனது. தாயும் தகப்பனும் தனித்தனியாக முழங்காலில் நிற்கும் இரண்டு கருங்கல் உருவங்கள், பெல்ஜியத்தில் விளாட்ஸ்லோ என்ற இடத்துச் சேமக்காலையில் (இடுகாட்டில்) இன்றும் இருக்கின்றன. பீட்டரும் அங்கேதான் இருக்கிறான்.

சொல்லக் கூடாத ஒன்று

நான் இரண்டாம் தடவைக்கு ஆயத்தம் செய்தபோது ஒரு நண்பர், "எங்கட அம்மாமாரின்ர படத்தையும் பக்கத்தில வையுங்கோவன்" என்றார். 2017இலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரக் கொட்டிலில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தோடு குந்தியிருக்கிற அம்மாமாரைத்தான் சொன்னார். யோசித்துவிட்டு வேண்டாம் என்றேன். எங்கள் சனத்துக்கு அந்த ஒப்பீட்டைச் சொல்லிக் கொடுக்க நாங்கள் யார்? படத்துக்கு முன்னால் நிற்கும்போதே அது அவர்களுக்கு வந்துவிடும், வந்ததைச் சொல்வதா விடுவதா என்பது அவர்கள் பாடு. நாங்கள் முந்திக்கொண்டு சொன்னால் மண்டபம் கூட்டமாக மாறிவிடும், மைக்கைப் பிடிக்கக் காத்திருக்கிறவர் எழும்பிவிடுவார், படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா தலையைக் குனிந்துவிடுவார்.

யாராவது அழுதால் பேச்சை நிற்பாட்ட வேண்டாம், பக்கத்தில் போய் ஆறுதல் சொல்லிக் காட்சிப்பொருளாக்கவும் வேண்டாம். தண்ணீர்ப் போத்தலும் வெளியில் ஒரு வாங்கும் ஆயத்தமாக இருக்கட்டும். என்னுடைய நிகழ்ச்சியில் வயதான ஒருவர் 'பெற்றோர்' படத்துக்கு முன்னால் நெடுநேரம் நின்றார். இருவர் முழங்காலில் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கிடக்கிற படம், தகப்பன் முகத்தைக் கையால் பொத்தியிருக்கிறார். "தேப்பன்ர முகத்தைக் கீறேல்லை, நல்லது" என்று மட்டும் சொன்னார்.

இது போட்டோக் கொப்பியா, அசலா?

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். வராவிட்டால் நீங்களே கேளுங்கள், ஏனென்றால் அச்சு என்றால் எங்களுக்கு எழுத்துத்தான். 1841இல் அமெரிக்க மிஷன் உதயதாரகைப் பத்திரிகையை வெளியிட்டது, பிறகு நாவலர் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் வைத்தது, இன்றைக்குக் கலியாண அட்டை, செத்தவீட்டுக் கல்வெட்டுப் புத்தகம், நோட்டீஸ்: அச்சோடு எங்களுக்கு நீண்டகாலப் பழக்கம், ஆனால் ஓவியர் ஒருவர் தன் கையால் அச்சிட்ட படம் ஒவ்வொன்றும் அசல்தான் என்பது புதிதாக இருக்கும். ஒரே பலகையிலிருந்து ஐம்பது பிரதி எடுத்தாலும் ஐம்பதும் அசல். சுவரில் தொங்குவது அந்த அசலின் படம். கோல்விட்ஸ் அச்சை விரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம்: ஒரு எண்ணெய் ஓவியம் ஒரு பணக்காரரின் சுவரில் ஏறிவிடும், அச்சு நூறு வீட்டுக்குப் போகும், போஸ்டராகத் தெருவுக்கும் போகும். 1924இல் 'இனி ஒருபோதும் போர் வேண்டாம்' என்று அவர் செய்த கல்லச்சுப் போஸ்டர் அப்படித்தான் பரவியது.

மூன்று முறைகளையும் விளக்க வீட்டுச் சாமான்கள் போதும். மரச்செதுக்கு, அதிபரின் றப்பர் ஸ்டாம்ப் மாதிரி: வேண்டாததை வெட்டி எறிந்தால் மேடாக மிஞ்சி நிற்பதில்தான் மை பிடிக்கும். பொறிப்பச்சு அதற்கு நேர் எதிர். செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் தோய்த்தால் கீறிய இடம் பள்ளமாகும், மை அந்தப் பள்ளத்துக்குள்தான் தங்கும். பொளிந்த அம்மியை எவ்வளவு கழுவினாலும் குழிக்குள் மஞ்சள் நிற்கிறதே, அது மாதிரி. அந்த மையைக் கடதாசிக்கு இழுக்கப் பெரிய அழுத்தம் வேண்டும், அதனால் உருளைப் பொறி இல்லாமல் முடியாது. கல்லச்சில் மேடும் இல்லைப் பள்ளமும் இல்லை: கொழுப்புக் கலந்த மையால் சுண்ணக்கல்லில் வரைந்து, கல்லை நனைத்து, மை உருட்டினால், நல்லெண்ணெய் பூசிய கையில் தண்ணீர் ஒட்டாததுபோல, வரைந்த இடம் மட்டும் மையை வாங்கும்.

கைவேலை: இதைத் தவறவிடாதீர்கள்

லீனோத் தகடும் செதுக்குளியும் தேடி அலைய வேண்டாம், ஒரு மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால் கூர்மையான உளியைக் கொடுப்பதும் புத்தியில்லை. ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைத் தகடு போதும். சாப்பாட்டுப் பெட்டியின் தட்டையான மூடியை உள்ளங்கை அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். எழுதி முடிந்த போல்பொயின்ற் பேனையால் அழுத்திக் கீறினால் கோடு பள்ளமாகும். மை உருட்டும்போது மேடு கறுக்கும், கோடு வெள்ளையாக நிற்கும். மரச்செதுக்கின் அடிப்படையே அதுதான்.

மைக்கு அச்சகத்தில் போய்க் கேளுங்கள், கறுப்பு மை கொஞ்சம் தருவார்கள். பள்ளிக்கூடப் போஸ்டர் வர்ணம் எங்கள் வெயிலுக்கு உருளையிலேயே காய்ந்துவிடும். ஒரு கண்ணாடித் துண்டில் கடலையளவு மை போதும், அதிகம் போட்டால் கோடெல்லாம் அடைபட்டுவிடும். சின்ன றப்பர் உருளையால் உருட்டும்போது 'சர்ர்' என்று மெல்லிய சத்தம் வரவேண்டும். சளசள என்றால் மை கூடிவிட்டது. உருளை கிடைக்காவிட்டால் பழைய பருத்தித் துணிக்குள் பஞ்சு வைத்துப் பொட்டலி கட்டி ஒற்றி எடுங்கள், முந்தி அச்சுக்கூடங்களிலும் பொட்டலியால் ஒற்றித்தான் மை பூசினார்கள்.

இனி அகப்பை. மை பூசிய ரெஜிபோம்மேல் மெல்லிய கடதாசியை வைத்து, அகப்பையின் வெளிப்புறத்தால், நடுவிலிருந்து ஓரத்துக்கு வட்டம் வட்டமாக அழுத்தித் தேயுங்கள். நன்றாகத் தேய்ந்த பழைய அகப்பைதான் நல்லது, புதுச் சிரட்டை கடதாசியைக் கீறிவிடும். ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பார்த்து, வெளுத்த இடத்தில் இன்னொருதடவை தேய்க்கலாம். சாதாரண ஏ4 தாளிலும் வரும், ஆனால் மெல்லிய தாள் வடிவாக மை வாங்கும்.

என்ன கீறச் சொல்லுவது என்பதில் நான் இரண்டு விதமும் செய்துபார்த்தேன். "விருப்பமானதைக் கீறுங்கோ" என்றால் எல்லோரும் பனைமரமும் சூரியனும் கீறுகிறார்கள். "உங்கட இடக்கையைப் பார்த்துக் கீறுங்கோ" என்றபோதுதான் அறை அமைதியானது. கையைக் கீறிய பிறகு மறுபடி சுவரில் இருக்கும் கைகளைப் போய்ப் பார்க்கிறார்கள், யாரும் சொல்லாமலே.

பெயரையும் கீறச் சொல்லுங்கள். தாளைத் தூக்கும்போது எழுத்தெல்லாம் புரண்டு வரும், சிரிப்பு வரும். பழைய அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்த ஐயா ஒருவரைத் தேடி அழைத்து வந்திருந்தேன், பேச்சிலேயே நான் செய்த ஆகச் சிறந்த காரியம் அதுதான். பிள்ளைகள் புரட்டிக் கீறத் தெரியாமல் திண்டாட, அவர் கண்ணாடியைக் கூடப் போடாமல் 'ழ'வையும் 'ஞ'வையும் தலைகீழாக, வலமிடமாக, ஒரே இழுப்பில் கீறிக் காட்டினார். நாற்பது வருடம் எழுத்தை அப்படித்தானே பார்த்திருக்கிறார். அப்புறம் 'பெற்றோர்' படத்துக்குக் கிட்டப் போய், கறுப்பு நிறைந்த இடத்தைக் காட்டி, "இவ்வளவு கறுப்பும் ஒரு பொட்டு வெள்ளை விழாமல் பிடிக்கிறதெண்டால் சும்மா இல்லைப் பிள்ளையள்" என்றார். அந்த ஒரு வசனத்துக்குப் பிறகு நான் தொழில்நுட்பம் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டேன்.

உங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் இருப்பார். அச்சகங்களில் விசாரியுங்கள், போய்வர ஓட்டோவுக்குக் காசு கொடுங்கள், மேடையில் ஏற்றாமல் மேசையில் இருத்துங்கள்.

முடிந்த பிறகு

கேள்வி நேரம் என்று தனியாக வைக்கவில்லை, மேசையைச் சுற்றி மை பூசிக்கொண்டே கேட்டார்கள். உயர்தரத்தில் சித்திரம் எடுக்கிற பிள்ளைகள் பரீட்சைக்கு என்ன எழுதலாம் என்று கேட்பார்கள், கோபப்படாமல் சொல்லிக்கொடுங்கள். "இவ ஏன் ஒரு சந்தோசமான படமும் கீறேல்லை?" என்று ஒரு சின்னப் பெட்டை கேட்டாள். பிள்ளைகளைத் தூக்கிச் சிரிக்கிற தாய்மாரையும் கீறியிருக்கிறார், அடுத்த தடவை அப்படி ஒன்றையும் சேர்க்க வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

சுவரில் இருந்த ஐந்தையும் வாசிகசாலைக்கே கொடுத்துவிட்டேன், அவர்கள் இரண்டை மட்டும் மாட்டியிருக்கிறார்கள். அச்சிட்ட தாள்களை அன்றைக்கே கையில் கொடுக்க வேண்டாம், அச்சக மை காய இரண்டு நாள் செல்லும், உடுப்பில் பட்டால் போகாது. கயிற்றில் தொங்கவிட்டு "திங்கட்கிழமை வந்து எடுங்கோ" என்று சொல்லுங்கள், அதைச் சாட்டி இன்னொருதடவையும் வருவார்கள். மேசைக்குப் பழைய பேப்பர் விரிக்க மறக்க வேண்டாம். உருளையையும் கண்ணாடியையும் மண்ணெண்ணெயால் துடைக்கலாம், ரெஜிபோமில் மட்டும் மண்ணெண்ணெய் படவிடாதீர்கள், இளகிவிடும். கைக்குத் தேங்காயெண்ணெய் பூசித் தேய்த்துவிட்டுச் சவர்க்காரம் போடுங்கள். நகக்கண்ணுக்குள் போன கறுப்பு எதற்கும் அசையாது, ஒரு கிழமைக்கு அப்படியே இருக்கும்.